ஆளாக்கும் உத்தியோகம்

எங்கள் கம்பெனியில் கல்வண்டி இழுக்கும் கோவேறு கழுதைக்குத் தீனிச் செலவு மாதம் எட்டு ரூபாய். கம்பெனிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏசுபாதத்துக்குச் சம்பளம் மாதம் ஐந்து ரூபாய். படித்த மனிதரைப் போய்க் கழுதையோடு சேர்த்துப் பேசுகிறானே என்று என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். சேர்த்தது நான் இல்லை, கம்பெனிதான். அதிலும் கழுதையை முதலில் எழுதிவிட்டு வாத்தியாரைப் பிறகு எழுதியிருந்தார்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கோலார் தங்கவயலில், ஊரிகம் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று. என் பெயர் பெருமாள். டைம் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, அதில் எண் அடிப்பது என் உத்தியோகம். மாதம் பதினாலு ரூபாய். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் பத்து எண்கள்தான். இதை எழுதுகிற எழுத்தெல்லாம் பிற்பாடு அந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. ஆக, எண் மட்டும் தெரிந்த எனக்கு, எண்ணும் எழுத்தும் தெரிந்தவரைவிட ஒன்பது ரூபாய் அதிகம்.

அந்தப் பித்தளை வட்டத்துக்குப் பில்லை என்று பெயர். ஷிப்டுக்குப் போகிறவன் ஜன்னலில் பில்லையைக் காட்ட வேண்டும். சம்பளம் வாங்க, டிப்போவில் அரிசி வாங்க, ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க, குடியிருக்க, வரிசையாகக் கட்டிய கம்பெனி லைன் வீடு வாங்க, எல்லாவற்றுக்கும் பில்லைதான். சுரங்கத்தில் பாறை சரிந்து முகம் தெரியாமல் போனால்கூட, இடுப்புக் கயிற்றைத் தடவிப் பில்லையைப் பார்த்துத்தான் செத்தது இன்னார் என்று எழுதுவார்கள். பில்லை வைத்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் ‘ஆள்’ என்று பெயர். ஆள் என்றால் மனிதன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் ஊர்த் தமிழ். இங்கே ஆள் என்றால் கூலி எடுக்கிறவன், அவ்வளவுதான்.

ஆபீஸ் முன்ஷி தெலுங்குக்காரர். தமிழில் வரும் மனுக்களை இங்கிலீஷாக்கித் துரைக்குக் கொடுப்பது அவர் வேலை. அவர் வாயில் பில்லை என்ற சொல் ‘பிள்ள’ என்றுதான் வரும். தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்களாம். “ஏமய்யா, பிள்ள எங்க?” என்று அவர் கேட்டால், புதிதாக வந்தவன், “புள்ள ஊர்ல அவங்க ஆத்தாகிட்ட கீதுங்க” என்பான். வராந்தாவே சிரிக்கும். நானும் எத்தனையோ தடவை வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன்.

வாத்தியார் ஏசுபாதத்திடம் பில்லை கிடையாது. வேலூர்ப் பக்கம் மிஷன் பள்ளியில் வாத்தியார் பரீட்சை தேறி, ஏழு ரூபாய்க்கு வந்து சேர்ந்தவர். சம்பளக் கணக்கில் மூன்றே மூன்று தலைப்பு: குழிக்குள் ஆள், மேல்தரை ஆள், மிருகம். வாத்தியார் மூன்றிலும் அடங்கவில்லை. ஆபீசில் இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அவரை ஸ்டோர் சாமான் பட்டியலில், கயிற்றுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் எழுதினார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டோர் கிளார்க் சாமான் சரிபார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். “பெஞ்சு நாலு, கரும்பலகை ஒண்ணு, வாத்தியாரு ஒண்ணு” என்று உரக்கச் சொல்வார். பியூன் எழுதிக்கொண்டே, “நிலைமை?” என்பான். கிளார்க் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்து, “பழசு, ஆனா ஓடுது” என்பார். பழைய சாமானுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்பது ஸ்டோர் விதி. வருஷத்துக்கு எட்டணா வீதம் நாலு வருஷத்தில் ஏழு ரூபாய் ஐந்து ரூபாயாகத் தேய்ந்தது. வாத்தியார் ஒருமுறை பொறுக்க முடியாமல், “நாலு வருஷத்துல எனக்கு அனுபவம் கூடியிருக்குதுங்களே” என்று கேட்டுவிட்டார்.

“கயித்துக்குங்கூடத்தான் அனுபவம் கூடிக்கினு போவுது. அதுக்கின்னா, புதுசு ரேட்டா குடுக்க முடியும்?” என்றார் கிளார்க்.

வாத்தியாரின் மைத்துனன் வால்டர் இரண்டாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தவன். ‘ழ’ எழுதச் சொன்னால் வேர்த்துவிடும். டிரில் மிஷினில் அவனுக்கு இருபத்திரண்டு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அரைச்சேர் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவான். “மச்சான், அந்தச் சாக்கட்டிய வீசிட்டு வாங்க. நானே இட்டுனு போயி, குழிக்குள்ள எறங்கற கேஜ்ல ஏத்தி வுடறேன்” என்பான். வாத்தியார் கூச்சத்தை விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டினார். சாக்கட்டித் தூள் நெஞ்சில் படிந்திருக்கிறது, இந்த நெஞ்சு கல்தூளுக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதைத் தவிர, அவருக்கு வாத்தியார் வேலை மனசுக்குப் பிடித்தும் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தெரிந்தால் இன்னும் எட்டணா குறைத்துவிடுவார்கள்.

இப்படியே இருமிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் வீட்டில் ஞானசுந்தரிக்கு எட்டாம் மாதம். ஸ்கெலட்டன் என்கிற இடத்துப் பக்கம், மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசையில் இருந்தார்கள். போன ஐப்பசியில் அந்தக் குடிசைக்குள் மழை புகுந்து, அவர்களுடைய முதல் குழந்தை பதினோராம் நாள் குளிரில் விறைத்துப் போனது. அந்தச் சின்னப் பெட்டியைச் செய்ய ஆபீசில் பலகை கேட்டு அலைந்தவன் நான்தான். இப்போது மறுபடி புரட்டாசி முடியப்போகிறது.

“இன்னொரு மழைய இந்தக் குடிசையில நான் பாக்க மாட்டேங்க. ஓட்டுக்கூரை போட்ட லைன் வூடு ஒண்ணு வாங்குங்க. இல்லேன்னா நான் பெத்துக்கவே மாட்டேன்” என்றாள் ஞானசுந்தரி. எட்டு மாதத்துக்குமேல் அது எப்படி முடியும் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் சொன்னாள்.

லைன் வீடு கொடுக்கும் ஜன்னலில் வாத்தியார் போய் நின்றார்.

“பில்லை?”

“இல்லீங்க.”

“பில்லை இல்லாதவருக்கு வூடு எதுக்குங்க? ஸ்டோர் சாமான் ஸ்டோர்லதான இருக்கணும்?”

ஜன்னல்காரன் கிண்டல் செய்யவில்லை. விதிப் புத்தகத்தைத் திறந்தே காட்டினான்.

வேறு வழியில்லாமல் வாத்தியார் செக்ரட்டரி ஹரோல்ட் துரையிடம் போனார். அன்று துரை மேஜையில் புதுப் பில்லைகளை வைக்க நானும் உள்ளே போயிருந்தேன். துரை இங்கிலீஷில் பேசப் பேச, முன்ஷி தமிழில் சொன்னார். முன்ஷியின் தமிழை மட்டும் கொஞ்சம் செப்பனிட்டுத் தருகிறேன். மற்றதெல்லாம் துரையின் சொந்தச் சரக்கு.

“வாத்தியாரே, உம்முடைய கஷ்டத்தை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன். புரிந்துகொள்வதற்காகத்தான் எனக்கு அறுநூறு ரூபாய் சம்பளம் கொடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். டிரில் அடிக்கிறவன் ஏன் இருபத்திரண்டு ரூபாய் வாங்குகிறான்? அவன் எந்த நிமிஷமும் சாகலாம். அது ஒரு தகுதி. நீரும் சாகத்தான் போகிறீர், நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகச் சாகிறீர். கோவேறு கழுதைக்கு ஏன் எட்டு ரூபாய்? தீனி போடாவிட்டால் அது நின்றுவிடும். நீர் பட்டினி கிடந்தாலும் நிற்காமல் பாடம் நடத்துகிறீர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கம்பெனி உம்மை மனமாரப் பாராட்டுகிறது. ஆனால் நிற்காத ஒன்றுக்கு அதிகத் தீனி போட எந்த டைரக்டர் சம்மதிப்பார்?”

வாத்தியார் வாயைத் திறந்தார். துரை கையைக் காட்டினார்.

“இன்னொன்று. உம்முடைய பணி புனிதமானது. புனிதத்தைப் பணத்தால் அளப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. என் வேலையில் புனிதம் ஒன்றும் கிடையாது. அதனால் எனக்குப் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம், நீர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறீராமே? போன வருஷம் உம்முடைய மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பன் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து, பதினோரு அணா குறைகிறது என்று ஜன்னலில் வந்து நின்றான். கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆக, உம்மால் கம்பெனிக்குப் பதினோரு அணா நஷ்டம். அதை உம்மிடம் பிடிக்காமல் விட்டது என்னுடைய பெருந்தன்மை.”

“அய்யா, மழைக்கு முந்தி ஒரு ரூம்பு மட்டும்...” என்றார் வாத்தியார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

துரை கடியாரத்தைப் பார்த்தார். “ஒரு மனு எழுதிக் கொடும். நீர் கம்பெனிக்கு என்ன உற்பத்தி செய்து கொடுக்கிறீர், அதை ஒரே வரியில் எழுதும். ஒரு வரிக்குமேல் நான் படிப்பதில்லை.”

உற்பத்தி என்றதும் வாத்தியார் ஆடிப்போய்விட்டார். மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தார். கடைசியில் நல்ல காகிதத்தில் முத்து முத்தான எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, எனக்குப் படித்துக் காட்டினார். “அடியேன் நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஆளாக்கி வருகிறேன், எனக்கென்று இன்னும் பில்லை வழங்கப்படவில்லை, கருணை கூர்ந்து பில்லையும் குடியிருக்க லைன் அறையும் தந்தருள வேண்டுகிறேன்.”

“எப்டி இருக்குது பெருமாள்?”

“தேன் மாதிரி இருக்குது சார்” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பிள்ளைகளை ஆளாக்குகிறார், பாவம், அதைவிட ஒரு வாத்தியார் என்ன செய்துவிட முடியும்?

மனு முன்ஷியிடம் போயிற்று. அவர் அதைப் படித்தது இப்படி: நாற்பத்திரண்டு ‘பிள்ள’யை ‘ஆள்’ ஆக்கி வைத்திருக்கிறார். பில்லை இன்னும் கைக்கு வரவில்லை. முன்ஷிக்கு இதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. வாழ்நாளில் இவ்வளவு தெளிவான மனுவை அவர் பார்த்ததில்லையாம். ‘மனுதாரர் நாற்பத்திரண்டு பில்லைக்கு ஆள் சேர்த்துத் தயாராக வைத்திருக்கிறார்’ என்று இங்கிலீஷில் எழுதித் துரை மேஜையில் வைத்தார்.

அது விஷக்காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்கு ஓடிக்கொண்டிருந்த சமயம். ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் வட ஆற்காடு முழுக்கச் சுற்றிவிட்டு, நாலு பேரைக்கூடப் பிடிக்க முடியாமல் வெறுங்கையோடு வந்தார்கள். இந்த ஒரு வரியைப் படித்ததும் துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்று பியூன் சொன்னான். நாலு வருஷமாக இப்படி ஒரு மனிதரைக் கயிற்றோடும் சுண்ணாம்போடும் போட்டு வைத்திருந்தோமே என்று வருத்தப்பட்டாராம். அன்று சாயங்காலமே என்னிடம் ஆர்டர் வந்தது: புதுப் பில்லை நாற்பத்திரண்டு, அவசரம். அடித்தேன். யாருக்கு என்று கேட்பது என் உத்தியோகத்தில் சேராது.

மூன்றாம் நாள் காலை பியூன் பள்ளிக்கூடத்துக்குப் போய், பில்லைச் சாக்கை மேஜைமேல் கொட்டி, துரையின் ஆர்டரைப் படித்தான். ஏசுபாதம் இன்று முதல் மேஸ்திரி. சம்பளம் மாதம் இருபத்தைந்து ரூபாய். ஊரிகம் புது லைனில் நாலாம் நம்பர் வீடு, ஓட்டுக்கூரை, உடனே குடியேறலாம். அவருடைய நாற்பத்திரண்டு ஆட்களும் நாளைக் காலை ஷிப்டுக்குத் தங்கக்கல் அரைக்கும் மில்லில் கல் பொறுக்க வர வேண்டும். ஆளுக்கு நாள் கூலி ஆறணா. பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று சொல்லி, பியூன் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வாத்தியார் பதறிக்கொண்டு முன்ஷியிடம் ஓடி வந்தார். மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. வேட்டியெல்லாம் சேறு.

“அய்யா, தப்பு நடந்துபோச்சு. நான் எழுதினது பில்லை இல்லீங்க, பிள்ளை. புள்ளைங்க! எங்கிட்ட படிக்கிற பசங்க!”

முன்ஷி மனுவை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாக, பழையபடி நிறம் வந்தது.

“ஏமய்யா வாத்தியாரே, இப்ப இன்னா பண்ணலாங்கிற? மனு தப்புன்னா என் இங்கிலீஷு தப்பு. என் இங்கிலீஷு தப்புன்னா துரை கையெழுத்து தப்பு. துரை கையெழுத்து தப்புன்னு எழுதறதுக்கு இந்த ஆபீசுல ஃபாரம் கெடையாது.”

“எட்டு வயசுப் பசங்கய்யா.”

“ஆர்டர்ல வயசு எங்க இருக்குது? நீயே காட்டு.” அவர் குரல் திடீரென்று இறங்கியது. “சரி, தப்புன்னே வெச்சுக்க. திருத்திடலாம். நீ மறுபடி ஸ்டோர் சாமான். இந்த வருஷத் தேய்மானம் இன்னும் எட்டணா. வூட்டுச் சாவிய இப்பவே குடுத்துரு. உம் பொஞ்சாதி எங்க கீறா?”

ஞானசுந்தரி ஏற்கெனவே நாலாம் நம்பர் வீட்டில் இருந்தாள். வீடு கிடைத்தது என்று கேட்டதும் வால்டர் பாய், பானை, அக்கா எல்லாரையும் ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஓட்டுக்கு அடியில் நின்று மேலே பார்த்து அவள் அழுதாள் என்று பிறகு சொன்னான். வாத்தியார் வராந்தாவில் நின்று மழையைப் பார்த்தார். பதினொரு நாள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே போய் மேஸ்திரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒருவர்கூட வரவில்லை. தாயம்மா என்கிற கல் பொறுக்குகிறவள் மட்டும் ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொண்டு வந்து அவர் காலடியில் வைத்து, “சார், எங்க வூட்ல ரெண்டு பேருக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கீங்க. நல்லா இருப்பீங்க” என்றாள். பிள்ளைகளை நாலு வருஷம் படிக்க வைத்ததற்கு அவள் ஒரு வெற்றிலைகூட வைத்ததில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் மகன் வாசுவுக்கு ஒன்பது வயது, அவனும் அந்தப் பட்டியலில் இருந்தான். பதினேழாம் பில்லையை அவன் இடுப்பில் நானே கட்டினேன். கட்டும்போது கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. இருபத்தேழு நாளுக்குப் பத்து ரூபாய் இரண்டணா என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். தூ, என்ன பிழைப்பு!

மறுநாள் விடியற்காலை, ஷிப்டு சங்கு ஊதியதும், புது லைனுக்கு எதிரே இருந்த மைதானத்தில் நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். வாத்தியார் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா”, “உள்ளேன் ஐயா” என்று பிள்ளைகள் பழக்கத்தில் சொன்னார்கள். டைம் கீப்பர் எரிந்து விழுந்தார். “வாயத் தொறக்காதீங்கடா, பில்லையத் தூக்கிக் காட்டுங்க. நீ இன்னாய்யா மேஸ்திரி, பேர் கூப்ட்டுக்கினு? நம்பரக் கூப்டு.” வாத்தியார் எண்ணைக் கூப்பிட்டார். அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் ஆனதால், தங்கள் எண்ணை ஒருவன்கூடத் தவறவிடவில்லை.

அந்த வருஷம் லண்டனுக்குப் போன அறிக்கையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கினார்களாம். பள்ளியில் படித்த அத்தனை பிள்ளைகளுக்கும் கம்பெனி வேலை கொடுத்துவிட்டது, இங்கிலாந்தில்கூட இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்காது என்று ஹரோல்ட் துரை எழுதினார். பெஞ்சு நாலும் கரும்பலகையும் ஸ்டோருக்குத் திரும்பின. கட்டடத்தில் சுண்ணாம்பு மூட்டை அடுக்கினார்கள்.

வாத்தியார் ஒழுங்காகச் சம்பளம் வாங்கினார். நல்ல அரிசி வாங்கினார். பகலெல்லாம் கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகளின் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது விரலை நசுக்கிக்கொண்டால் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் அரைமணி, கரித்துண்டால் தகரத்தில் எழுதிப் பாடம் நடத்திப் பார்த்தார். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கின. அப்போதுதான் நான் போய் எதிரே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தூங்காமல் கேட்பதற்கு அவருக்கு யாராவது ஒருவன் வேண்டியிருந்தது.

ஐப்பசி இருபதாம் தேதி, கொட்டுகிற மழையில், ஓட்டுக்கூரைக்கு அடியில், ஞானசுந்தரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தாயும் சேயும் சுகம். வால்டர் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தான். வாத்தியாரும் அன்று சிரித்தார், நான் பார்த்தேன்.

ஒரு நாள் லீவு கேட்டு மனு எழுத வேண்டியிருந்தது. சூடு பட்டவர் அல்லவா? ஒரு மணி நேரம் யோசித்து எழுதினார். என்னிடம் வந்து படித்துக் காட்டினார். “என் மனைவி ஒரு மகவு ஈன்றிருப்பதால் ஒரு தினம் விடுப்பு அருள வேண்டுகிறேன்.”

“பாத்தியா பெருமாள், இதுல பிள்ளையும் இல்ல, ஆளும் இல்ல” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மனுவை நானே கொண்டுபோய் முன்ஷியிடம் கொடுத்தேன். அவர் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார். அவருக்கு வேலை நெருக்கடி, மேஜை முழுக்கக் காகிதம்.

“ஏமய்யா பெருமாளு, மகவுன்னா இன்னா?”

எனக்குத் தெரிந்த தமிழைக் காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நான் சட்டென்று, “பிள்ளைதாங்க” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு சொல். என் நாக்கை அறுத்துப் போட்டாலும் அது திரும்பி வராது.

மறுநாள் என் மேஜையில் ஆர்டர் இருந்தது. மேஸ்திரி ஏசுபாதம் மேலும் ஒரு ஆள் சேர்த்திருக்கிறார், கம்பெனி மகிழ்ச்சி தெரிவிக்கிறது, புதுப் பில்லை ஒன்று, எண் நாற்பத்திமூன்று. உளியை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். என் பதினாலு ரூபாயை நினைத்துக்கொண்டு நாலை அடித்தேன், மூன்றை அடித்தேன்.

நாலாம் நம்பர் வீட்டுக்குப் போனபோது ஞானசுந்தரி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். புதுப் பித்தளை என் கையில் பளபளத்தது.

“இன்னா அண்ணே, கொழந்தைக்குத் தங்கமா?” என்று கேட்டாள்.

“பித்தளைம்மா” என்றேன்.

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் அழுகையாயிற்று. மனைவி பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டாள். அவர் பில்லையை மூடிய கையோடு மழையில் இறங்கி ஆபீசுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

“இத வாப்பஸ் எடுத்துக்குங்கய்யா. பொறந்து ரெண்டு நாள் கூட ஆவல” என்று முன்ஷியிடம் நீட்டினார்.

முன்ஷி பில்லையைத் தொடவில்லை. அவருக்கும் வருத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துப் படித்தார்.

“பிள்ளய வாப்பஸ் வாங்க ரெண்டே காரணம் போட்டிருக்குது. ஒண்ணு, மேஸ்திரியோட மொத்த கேங்கையும் தள்ளுபடி பண்ணிடணும். அப்ப உன் வூடும் போச்சு. இன்னொண்ணு...” என்று நிறுத்தினார்.

“இன்னொண்ணு?”

“ஆள் செத்துப்போகணும்.”

நீட்டிய கையை வாத்தியார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பில்லையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மழை நிற்கவே இல்லை.

அடுத்த நாள் காலை சங்கு ஊதிற்று. மைதானத்தில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வாத்தியார் எண்களைக் கூப்பிட்டார். பதினேழுக்கு என் வாசு பில்லையைத் தூக்கிக் காட்டினான். நாற்பத்திரண்டு வரைக்கும் வந்து நிறுத்தினார்.

டைம் கீப்பர் தாளைப் பார்த்தார். “நாப்பத்தி மூணு எங்கய்யா? புது ஆளு?”

வாத்தியாரின் கை மேலே போயிற்று. விரல்களுக்கு நடுவில் பில்லை இருந்தது.

“உங்கையில இருந்தா ஆச்சா? ஆள் இருக்குதா இல்லியா? கூப்டு.”

“நாற்பத்திமூன்று” என்று வாத்தியார் கூப்பிட்டார். நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட அதே குரல்.

எதிரே, நாலாம் நம்பர் வீட்டுக்குள், பசியோ குளிரோ, குழந்தை வீறிட்டு அழுதது.

டைம் கீப்பர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, ஆஜர் என்று குறித்தார்.

மாதக் கடைசியில் அந்தப் பில்லைக்கும் சம்பளம் வந்தது. முதல் மாதம் பாதிதானே என்று கேட்காதீர்கள், ஆர்டரில் தேதி போட மறந்துவிட்டார்கள், முழு மாதம் இருபத்தேழு நாளுக்கும் வந்தது. ஆனால் பெண் என்பதால் அரைக்கூலி, நாளுக்கு மூன்றணா. ஆகமொத்தம் ஐந்து ரூபாய் ஒரு அணா. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் வாங்கியதைவிட ஒரு அணா அதிகம்.